படிக்கட்டில் தொங்கிய இரண்டு மைக்

ஒலிக்கூடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், பசுமலையில் கல்லூரியில் படிக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம், நான் டிரம்ஸ். லெட் செப்பலின் குழுவின் ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பாட்டு தொடங்கும்போது தனியாக வருமே டிரம்ஸ், அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். கையில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது. எந்த மைக், எந்த பிளக்-இன் (கம்ப்யூட்டரில் சத்தத்தை மாற்றுகிற மென்பொருள்) வாங்கலாம்?
(கல்லூரி மாணவர், பசுமலை)

பதில்: அந்த இருபதாயிரத்தை முதலில் பத்திரமாக வையுங்கள் தம்பி. இந்த ஒரு பாட்டைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதி ‘என்ன வாங்கலாம்’ என்றுதான் முடிகின்றன. அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு எந்தக் கடையிலும் விற்கிற சாமான் இல்லை. அது ஒரு வீட்டின் மாடிப்படி.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டிடம். 1795-இல் ஏழைகளை வைத்து வேலை வாங்கும் விடுதியாகக் கட்டினது. இந்தப் பாட்டை முதலில் வழக்கமான ஸ்டூடியோவில் எடுத்துப் பார்த்தார்கள். தட்டையாக, உயிரில்லாமல் வந்தது. பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ரெக்கார்டிங் லாரியை ஹெட்லி கிரேஞ்ச் வாசலில் நிறுத்தி, கேபிளை வீட்டுக்குள் இழுத்து வேலையைத் தொடங்கினார்கள். மிக்ஸர், டேப் மெஷின் எல்லாம் லாரிக்குள்ளேயே. பாட்டு 1971 நவம்பரில் லெட் செப்பலின் குழுவின் நாலாவது ஆல்பத்தில் வெளியானது.

வீட்டின் முன் கூடம் உயரமானது. மாடிப்படி சுற்றிச் சுற்றி மேலே போகும், நடுவில் திறந்த வெளி. டிரம்மர் ஜான் பான்ஹாமின் செட்டை அந்தக் கூடத்தின் தரையில் போட்டார்கள். ஒலிப்பதிவு எஞ்சினியர் ஆண்டி ஜான்ஸ் மேல்தளத்துப் படிக்கட்டிலிருந்து பேயர்டைனமிக் எம்160 என்ற ஜெர்மன் ரிப்பன் மைக் இரண்டைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டார். டிரம்ஸுக்கு அவ்வளவுதான் மைக். கிக்குக்கு, அதாவது காலால் அடிக்கிற பெரிய டிரம்முக்கு, தனி மைக் கிடையாது. ஸ்னேர் என்கிற கணீர்ச் சத்தச் சின்ன டிரம்முக்கும் கிடையாது. இன்றைக்கு நம்ம ஊர் மேடைக் கச்சேரியில் ஒரு டிரம்ஸைச் சுற்றி எத்தனை ஸ்டாண்டு நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ரிப்பன் மைக்குக்குள் அலுமினியத் தகடு ஒன்று காந்தத்துக்கு நடுவே ஆடும். வெங்காயச் சருகை விட மெல்லிசு. எம்160-இல் அப்படி இரண்டு. இந்த வகை மைக் உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்கித்தான் கொடுக்கும். தூரத்தில் வைத்தால் சிம்பல் என்கிற உலோகத் தட்டுதான் முதலில் காதைக் குத்தும். ரிப்பன் அதை அடக்கிவிடுவதால் கிக்கின் கனமும் கூடத்தின் முழக்கமும் முன்னால் வந்து நிற்கின்றன.

அடுத்தது லாரியில் இருந்த லிமிட்டர். சத்தம் எகிறும்போது தலையில் கை வைத்து அமுக்கி, இறங்கினதும் கையை எடுத்துவிடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னேர் அடி விழுந்த கணத்தில் அமுக்குகிறான். அடி ஓய்ந்து கூடத்தின் எதிரொலி மட்டும் மிச்சமிருக்கும்போது கையை எடுக்கிறான், அந்த எதிரொலி பொங்கி மேலே வருகிறது. அந்தப் பதிவில் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வீடே மூச்சு இழுக்கிற மாதிரி இருக்கிறதே, அது இவன் செய்கிற வேலை.

அதற்கு மேல் பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலி எக்கோ மெஷின். பான்ஹாம் ஒரு தடவை அடிக்கிற இடத்தில் இன்னொரு அடி நிழலாகப் பின்தொடர்ந்து விழுவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்தத் தாளத்தின் நடை. எக்கோவை எடுத்துவிட்டு அதே தாளத்தை வாசித்துப் பாருங்கள், நொண்டும்.

ஹார்மோனிகாவும் கித்தாரும் சேற்றில் கால் புதைந்து நடப்பதுபோல் வருகின்றனவே, அவற்றை டேப்பின் வேகத்தைக் குறைத்து இறக்கியிருக்கிறார்கள். டேப்பை மெதுவாக ஓட்டினால் தாளம் மட்டுமல்ல, சுருதியும் சேர்ந்து இறங்கும். ஒவ்வொரு நாதமும் அடங்க நேரம் எடுக்கும். கம்ப்யூட்டரில் சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்கிற வசதியைப் போட்டுவிட்டு ‘வரலையே’ என்று எழுதாதீர்கள், இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். ஹார்மோனிகாவில் தலைகீழ் எக்கோவும் உண்டு: டேப்பைத் திருப்பிப் போட்டு எக்கோவைப் பதிந்து, மறுபடி நேராக்கி ஓட்டுவது. அப்போது எக்கோ முன்னால் வரும், வாசிப்பு பின்னால் வரும்.

இனி உங்கள் விஷயம். மதுரையில் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் மாடிப்படி பெரும்பாலும் வெளியே இருக்கிறது, உள்ளே இருந்தாலும் இரண்டு சுவருக்கு நடுவில் நெருக்கி ஏறும். அங்கே கை தட்டினால் ‘சர்ர்ர்’ என்று ஒரு நடுக்கம்தான் வரும், முழக்கம் வராது. கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். உயரமான கூடம், மேலே பால்கனி, ஒரு ஓரத்தில் அகலமான படி. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் மேனேஜரிடம் பக்குவமாகப் பேசினால் அரை நாளுக்கு விடுவார். ஆடியில் மண்டபம் காலியாகத்தான் கிடக்கும், ஆனால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிற ஒலிபெருக்கி உங்கள் மைக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் ஓட்டு மார்கழிக்கு. விடியற்காலைத் திருப்பாவை முடிந்தால் மதியம் ஊர் அடங்கியிருக்கும், மின்விசிறியும் போட வேண்டியதில்லை.

மடக்கு நாற்காலிகளை முதலில் வெளியேற்றுங்கள். கிக் விழும்போதெல்லாம் அடுக்கி வைத்த இரும்பு நாற்காலி தனிக் கச்சேரி நடத்தும். செட்டுக்கு அடியில் மட்டும் ஒரு ஜமுக்காளம் போதும், மற்றத் தரையைத் திறந்தே விடுங்கள். பால்கனிக் கைப்பிடியிலிருந்து ஒரே மாதிரி மைக் இரண்டைத் தொங்கவிடுங்கள், ரிப்பன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கேபிளை மட்டும் நம்பித் தொங்கவிடாமல் நைலான் கயிற்றால் தனியாகக் கட்டுங்கள். பிறகு நண்பர் ஒருவரை அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் படியில் ஏறி ஏறி நின்று ஒற்றைக் காதால் கேளுங்கள். எந்தப் படியில் கிக்கும் ஸ்னேரும் சமமாகக் கேட்கிறதோ அந்த உயரத்துக்கு மைக்கை இறக்கினால் போதும்.

கடைசியாக ஒன்று, உங்களுக்குப் பிடிக்காது. இரண்டு மைக்கில் பதிந்த பிறகு ‘சிம்பலை மட்டும் குறை’ என்று யாராலும் குறைக்க முடியாது. பான்ஹாமின் கிக் 26 அங்குலம், லட்விக் கம்பெனி செட், தோலை நன்றாக இழுத்துக் கட்டி வாசிப்பார். எதை ஓங்கி அடிப்பது, எதைத் தொட்டுவிட்டு வருவது என்ற அளவு அவர் கையிலேயே இருந்தது. இங்கே தவில்காரர்களிடம் இதைப் பார்க்கலாம். கேசட் காலத்தில் நையாண்டி மேளம் பதியும்போது சில இடங்களில் தவிலை மெத்தை அடித்த அறைக்குள் உட்கார வைப்பார்கள். எதிரொலி திரும்பி வராத இடத்தில் அவர்களுக்குக் கையே ஓடாது. அவர்களைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து, உறுமியையும் பம்பையையும் இரண்டு எட்டு பின்னால் நிறுத்தி, தூரத்தில் மைக் போட்டால் அளவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வேலையில் பிடித்ததே அதுதான், மிக்ஸருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: நீங்கள் சொல்லும் படிக்கட்டு முறையை எங்கள் ஸ்டூடியோ இருக்கும் கட்டிடத்திலேயே முயன்றோம். குத்துப் பாட்டுக்கு டிரம்ஸ். கிணற்றுக்குள் வாசித்த மாதிரி ஒரே கொழகொழ. மைக் நல்ல மைக்தான். எங்கே கோளாறு?
(ஸ்டூடியோ நடத்துபவர், அண்ணா நகர், மதுரை)

பதில்: கோளாறு மைக்கில் இல்லை, பாட்டின் வேகத்தில். ‘லெவீ’ நிமிடத்துக்குச் சுமார் 70 அடி ஓடுகிற பாட்டு. ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவே முக்கால் வினாடிக்கு மேல் இடம் இருக்கிறது. கூடத்தின் முழக்கம் எழுந்து, நின்று, விழுவதற்கு அது போதும். உங்கள் குத்துப் பாட்டு 140-இல் ஓடினால் அந்த இடம் பாதியாகிவிடும். முந்தைய அடி அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் ஏறுகிறது. அதற்கு மேல் லிமிட்டரும் போட்டிருப்பீர்கள், அது எதிரொலியின் வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டும்.

இரண்டு வழி உண்டு. மைக்கை இறக்கி டிரம்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நேராக வரும் சத்தம் கூடி, சுற்றி வருவது குறையும். அல்லது கிக்குக்கும் ஸ்னேருக்கும் பக்கத்து மைக் போட்டு அதையே முதன்மையாக வைத்து, படிக்கட்டு மைக்கைக் கறிவேப்பிலை அளவுக்குக் கலந்துகொள்ளுங்கள். இந்த இரண்டாவது வழியில் ஒரு சிக்கல்: நம்ம ஊர் வெயிலில் சத்தம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மைக் 7 மீட்டர் மேலே இருந்தால் 20 மில்லி வினாடி தாமதமாக வந்து சேரும். அந்தத் தாமதம்தான் கூடத்தின் பருமனைச் சொல்கிறது, அதைக் கம்ப்யூட்டரில் இழுத்து நேராக்கிவிட்டால் பருமன் போய்விடும். நேராக்காமல் வைத்துக் கேளுங்கள். கிக் மெலிந்தால் மட்டும் ஒரு பக்கத்தின் ஃபேஸை, அதாவது ஒலி அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, அப்பா காலத்து மைக் செட் சாமான்களோடு எக்கோ மெஷின் ஒன்று பரணில் கிடக்கிறது. ஜப்பான்காரன் செய்தது, உள்ளே டேப் ஓடும். மெல்லிசைக் குழுவுக்கு வாடகைக்கு விடுவார். இப்போது போட்டால் ‘ஊ… ஊ…’ என்று சத்தம் வளைந்து வருகிறது. பழைய இரும்புக்குப் போடலாமா?
(மைக் செட் உரிமையாளர், உசிலம்பட்டி)

பதில்: போட்டீர்கள் என்றால் நானே உசிலம்பட்டிக்கு பஸ் ஏறி வந்து சண்டை பிடிப்பேன். டேப் எக்கோ மெஷினுக்கு இன்றைக்குத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ரோலண்ட் கம்பெனியின் ஸ்பேஸ் எக்கோ ஆர்ஈ-201 வந்தது 1974-இல், இன்னும் அதன் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து விற்கிறார்கள்.

உங்கள் மெஷினில் நடப்பது இது. முனை ஒட்டிய டேப் வளையம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹெட் என்கிற காந்த முனை ஒன்று பாட்டை அதில் பதிகிறது. சற்றுத் தள்ளி இருக்கிற ஹெட்டுகள் அதைப் படித்து வெளியே அனுப்புகின்றன. டேப் ஹெட்டிலிருந்து ஹெட்டுக்குப் போகிற நேரம்தான் எக்கோவின் இடைவெளி. படித்ததில் கொஞ்சத்தை மறுபடி பதியும் ஹெட்டுக்கே அனுப்பினால் எக்கோ தொடர்ந்துகொண்டே போகும். மேலே முதல் கேள்வியில் வந்த பின்சன் மெஷினில் டேப்புக்குப் பதிலாகச் சுழலும் உலோகச் சக்கரம். அதன் விளிம்பில் பதிந்து, சுற்றியுள்ள ஹெட்டுகளால் படிப்பார்கள். டேப் தேய்கிற தொல்லை இல்லை. ஆனால் வேகம் ஒன்றே, ஆகவே இடைவெளியை மாற்ற வேண்டுமானால் எந்த ஹெட் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ஆரம்ப கால கித்தார் பதிவுகளில் அந்த மெஷினின் வாசனை வீசும்.

சத்தம் வளைகிறது என்றால் டேப் சீராக ஓடவில்லை. கவரை அகற்றி, டேப்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையைத் தொட்டுப் பாருங்கள். பரணில் கிடந்தால் ரப்பர் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், அல்லது ஒரு பக்கம் அமுங்கிப் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் விழுந்தது தேறாது, லேத்தில் கொடுத்து அதே அளவில் புது ரப்பர் ஏற்றச் சொல்லுங்கள். வெறும் பளபளப்பு என்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். ஹெட்டுகளையும் இரும்புத் தண்டையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள், அந்த ஆல்கஹாலை ரப்பரில் மட்டும் வைக்காதீர்கள். டேப் வளையத்தைப் புதிதாக மாற்றுங்கள். மோட்டார் தண்டின் புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய், ஒன்றே ஒன்று. அது வழிந்து டேப்பில் பட்டால் ‘ஊ ஊ’ திரும்ப வந்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் இரைச்சல் இருந்தால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். அதை வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய கையிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும், சின்னப் பையன்களை உள்ளே கை வைக்கவிடாதீர்கள்.

கேள்வி: வால்வு ஆம்ப்ளிஃபயர் சிறந்ததா, டிரான்சிஸ்டர் சிறந்ததா?
(வாசகர், மேலூர்)

பதில்: கித்தாருக்கு வால்வு. அளவுக்கு மீறி முடுக்கும்போது வால்வு இதமாகக் கரகரக்கும், ராக் கித்தாரின் பாதிச் சுவை அந்தக் கரகரப்பில் இருக்கிறது. திருவிழாவுக்கு டிரான்சிஸ்டர். நாலு நாள் தொடர்ந்து ஓட வேண்டும், டெம்போவில் குலுங்க வேண்டும்.

கேள்வி: நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சத்தம் கிட்ட வரும்போது சுருதி ஏறி, விலகும்போது இறங்குகிற டாப்ளர் விளைவுக்கு எப்போதும் ரயில் ஊதலைத்தான் உதாரணம் சொல்கிறேன். இசைப் பதிவில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்களா? பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.
(ஆசிரியை, திருமங்கலம்)

பதில்: பயன்படுத்தியிருக்கிறார்கள் டீச்சர், அதுவும் அருமையான கதையோடு. 1966 ஏப்ரல், லண்டன் அபே ரோடில் உள்ள ஈஎம்ஐ ஸ்டூடியோ. பீட்டில்ஸ் குழு ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டைப் பதிகிறார்கள். தன் குரல் மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் இருக்க வேண்டும் என்று ஜான் லெனன் கேட்கிறார். தலைமை எஞ்சினியர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது இருபது வயதுதான். ஹாமண்ட் என்ற எலக்ட்ரிக் ஆர்கனோடு வரும் லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கருக்குள் லெனனின் குரலை அனுப்பி, அதிலிருந்து வந்த சத்தத்தை மைக்கில் பிடித்தார். பாட்டின் பிற்பாதியில் வருவது அந்தக் குரல். லெனனுக்கு அது பிடித்துப்போய், கூரையிலிருந்து கயிற்றில் தன்னைத் தொங்கவிட்டு மைக்கைச் சுற்றிச் சுழற்றிவிடலாமே என்று கேட்டதாகவும் சொல்வார்கள். லெஸ்லி செய்வதும் அதைத்தானே, மனிதனுக்குப் பதில் கூம்பு சுழல்கிறது.

மரப்பெட்டிக்குள் மேலே கூம்பு, கீழே ஒரு உருளை. சுமார் 800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சத்தம் கூம்பு வழியாகவும், அதற்குக் கீழானது உருளை வழியாகவும் போகும். இரண்டையும் மோட்டார் சுழற்றும். கூம்பின் வாய் மைக்கை நோக்கி வரும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும், உங்கள் டாப்ளர் இதுதான். சத்தத்தின் அளவும் கூடவே ஏறி இறங்கும்.

கரும்பலகைக்கு ஒரு கணக்கு தருகிறேன். வேகமான ஓட்டத்தில் கூம்பு நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. வாய் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்தால் அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 8.4 மீட்டர். ஒலியின் வேகம் 350 என்று வைத்து வகுத்தால் சுருதி மேலும் கீழும் 2.4 சதவீதம் அசைகிறது. ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியே சுமார் 6 சதவீதம்தான். ஆக இது ஸ்வரம் மாறுகிற அளவுக்குப் போகாது, ஸ்வரத்தைச் சுற்றி நடுங்கும். பாட்டு கற்கும் பிள்ளை வகுப்பில் இருந்தால் கமகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள், நல்ல சண்டை நடக்கும்.

அதே பாட்டின் டிரம்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிக் டிரம்முக்கு இரண்டு அடிக்குள் மைக் வைக்கக் கூடாது என்று ஈஎம்ஐ-யில் விதி. காற்றழுத்தம் மைக்கைக் கெடுத்துவிடும் என்ற பயம். எமெரிக் டிரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கைக் கிட்டத்தில் நகர்த்தி, ஃபேர்சைல்ட் 660 என்ற வால்வு லிமிட்டரில் போட்டு நசுக்கினார். லெட் செப்பலின் டிரம்ஸுக்கு நேர் எதிர்த் திசை: அங்கே மைக் மேலே ஏறிப் போனது, இங்கே கிட்ட வந்தது. இரண்டிலும் எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் ஹெட்லி கிரேஞ்சுக்குத்தான் கை தூக்குவேன். ஆனால் அபே ரோடில் விதியை மீறின பையனுக்கு இருபது வயது என்பதை நினைத்தால் கை கொஞ்சம் தயங்கும்.

கேள்வி: ரிப்பன் மைக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. வாங்கலாமா? கவனிக்க வேண்டியது என்ன?
(பாடகர், பெத்தானியாபுரம்)

பதில்: வாங்கலாம், ஆனால் சோதிப்பதாக நினைத்து ‘ஃபூ ஃபூ’ என்று ஊதாதீர்கள். நம்ம மைக் செட் பையன்களுக்கு அது கைவந்த பழக்கம், ஒரே ஊதலில் ரிப்பன் தொங்கிவிடும். பேசிப் பாருங்கள், சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள இன்னொரு ரிப்பன் மைக் கிடைத்தால் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள், தளர்ந்த ரிப்பன் மந்தமாகக் கேட்கும். மிக்ஸரிலிருந்து கேபிள் வழியாக மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் சுவிட்சை அணைத்துவிட்டுச் சொருகுங்கள். கேபிள் சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் வாடகைக் கேபிளை நம்பி ரிப்பனைப் பணயம் வைக்க வேண்டாம். பழைய ரிப்பனுக்கு மிக்ஸரில் கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, நிறைய ஏற்ற வேண்டியிருக்கும். மலிவான மிக்ஸர் என்றால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் வரும்.

கேள்வி: எங்கள் பஜனைக் குழுவின் பாடல்களை வீட்டிலேயே பதிகிறோம். ஒவ்வொரு டேக் முடிந்ததும் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்கிறோம். ஆளாளுக்குக் குறை சொல்லி மறுபடி எடுப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. கேட்டே ஆக வேண்டுமா?
(குழுத் தலைவர், நத்தம்)

பதில்: 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழு சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோவுக்கு ஆல்பம் எடுக்கப் போனது. எடுக்க வேண்டிய கேசினோ, வேறொருவர் கச்சேரியில் பிடித்த தீயில் எரிந்துபோனது. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டு அதைத்தான் சொல்கிறது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில், மெத்தைகளை நிறுத்தித் தடுப்புக் கட்டி வாசித்தார்கள். வாசலில் நின்றது மேலே சொன்ன அதே ரோலிங் ஸ்டோன்ஸ் லாரி. வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகளுக்குள் நுழைந்து, பால்கனிகளைத் தாண்டி, கீழே இறங்கி லாரிக்குப் போக வேண்டும், பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். சலித்துப்போய், போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். வாசித்தது நன்றாக இருந்ததா என்பதைத் தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொண்டு அடுத்த பாட்டுக்குப் போனார்கள். உங்கள் குழுவிலும் ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டில் வையுங்கள், யாராவது ஒருவர் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வரட்டும்.